கதவுக்கு இந்தப் பக்கம்

ஹால்வார் ஐந்தேகாலுக்கு எழுந்தான். படுக்கையை இழுத்துச் சரிசெய்தான். காபிக்குத் தண்ணீர் வைத்தான். ரொட்டியில் நான்கு துண்டு அறுத்து, வெண்ணெய் தடவி, பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிப் போட்டு, துண்டுகளுக்கு நடுவில் எண்ணெய்த்தாள் வைத்துப் பொட்டலமாக மடித்தான். முகம் கழுவினான். குளிக்கவில்லை. வீட்டில் அவன் குளிப்பதில்லை. வேலைக்குப் போய் உடை மாற்றும் அறையில் குளிப்பான். காபியை நின்றபடியே குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான். பூட்டவில்லை. பதினான்கு மாதங்களாக அவன் வீட்டுக் கதவைப் பூட்டுவதில்லை.

சிறையில் ஒரு நாளைக்கு இருநூறு முறை பூட்டுவான். ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கிறான். பூட்டியபின் கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் முதல் வாரம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சட்டம், உளவியல், கைதியின் உரிமைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டாவதாகச் சொல்லிக்கொடுத்தது தட்டும் சத்தத்தைப் பற்றி. கைதிகள் கதவுகளை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். சிகரெட்டுக்குத் தட்டுவார்கள், பல்வலிக்குத் தட்டுவார்கள், சும்மாவும் தட்டுவார்கள். தட்டியவுடன் ஓடாதே. கையில் இருக்கும் வேலையை முடி. பிறகு போ. ஓடினால் நாளைக்கு இரண்டு மடங்கு தட்டுவான்.

மூன்றாம் பிரிவில் பதினொரு கைதிகள் இருந்தார்கள். திங்கட்கிழமை ஸ்டைனார் வந்ததும் பன்னிரண்டு.

கிழக்கே ஏதோ ஒரு சிறையில் ஒரு கட்டடத்தை மூடிவிட்டார்கள். பூஞ்சைக் காளான் என்று காரணம் சொன்னார்கள். காவல் வேலைக்கு ஆள் இல்லை என்பதுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்த நாற்பது பேரைப் பிரித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். வண்டியிலிருந்து இறங்கி, வரவேற்பு அறைப் பெஞ்சில் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸ்டைனாருக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் பல்துலக்கியும் கொடுக்க வேண்டியது அன்று ஹால்வாரின் முறை. அவன் நிமிர்ந்து பார்த்தான். ஹால்வாரும் பார்த்தான். நீதிமன்றத்தில் ஆறு நாள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள். ஸ்டைனார் இப்போது பருத்துவிட்டான், தலையை மழித்திருந்தான். விரிப்பை வாங்கிக்கொண்டு "நன்றி" என்றான். ஹால்வார் "ஏழாம் நம்பர் அறை" என்றான்.

இப்படி நடக்கக் கூடாது. ஒரு காவலருக்கும் ஒரு கைதிக்கும் பழைய தொடர்பு இருந்தால் கணினியில் சிவப்புக் குறி வரும். வரவில்லை. ஹால்வாரின் மனைவி இங்குன் கல்யாணத்துக்குப் பிறகும் தன் அப்பாவின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டிருந்தாள். கொலைகாரனை வேறு சிறைக்கு மாற்றினால், விடுப்பில் அனுப்பினால், உங்களுக்குத் தகவல் வேண்டுமா என்று ஒரு படிவம் வந்தபோது ஹால்வார் 'வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பிவிட்டான். அப்போது அவனுக்கு எதுவுமே வேண்டாமாக இருந்தது. அந்த ஊரை விட்டு, அந்தச் சிறையை விட்டு, மேற்குக் கடற்கரைக்கு வந்தான். இங்கே மனைவி இறந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லியிருந்தான். புற்றுநோய் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அவன் மறுக்கவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரிவின் தலைமைக் காவலர் பெந்தேயிடம் போய், "அந்த ஏழாம் நம்பர் ஆளை எனக்குத் தெரியும்" என்றால், சாயங்காலத்துக்குள் ஸ்டைனாரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். திங்களும் சொல்லவில்லை. செவ்வாயும் சொல்லவில்லை. புதனும் போயிற்று.

அவன் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு பூட்டு.

அது பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. அப்போது அவர்கள் நான்கு குடித்தனம் இருந்த மரக் கட்டடத்தில் முதல் மாடியில் இருந்தார்கள். படிக்கட்டை வாரம் ஒரு குடித்தனம் கழுவ வேண்டும். கழுவி முடித்தவர்கள், அடுத்து யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்ன மரப்பலகையை மாட்டிவிட வேண்டும். அன்று இங்குன் படிகளைக் கழுவிவிட்டு, பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மேல்மாடியில் ஸ்டைனார். மூன்று வாரமாகப் பலகை அவன் கதவிலேயே தொங்கி, கடைசியில் அவள்தான் எடுத்துவந்து அவன் முறையையும் சேர்த்துக் கழுவினாள்; அடுத்த வாரமாவது அவன் கழுவட்டும் என்று பலகையைத் திரும்ப அவன் கதவிலேயே மாட்ட நினைத்தாள். நான்கு நாளாக அவன் தூங்கவில்லை, போதை மாத்திரையும் பொடியுமாகக் கிடந்தான் என்பது பிறகு தெரிந்தது. "மேல மாட்டிட்டு வந்துடறேன். கதவப் பூட்டாத, சாவி எடுத்துக்கல" என்றாள். வீட்டுச் செருப்போடு போனாள்.

ஹால்வார் பூட்டினான். பூட்ட வேண்டும் என்று நினைத்துப் பூட்டவில்லை. கதவு மூடிக்கொண்டது, கை போனது, திருகியது, கைப்பிடியை இரண்டு தரம் இழுத்தது. பிறகு குளிக்கப் போனான்.

தண்ணீர்ச் சத்தத்தில் கதவு தட்டுவது கேட்டது. மூன்று முறை. தலையில் நுரை இருந்தது. கையில் இருக்கும் வேலையை முடி, பிறகு போ. அலசிவிட்டு, துடைத்துக்கொண்டு, வந்து கதவைத் திறந்தான். படிக்கட்டில் ஐஸ் உடைக்கும் இரும்புக்கோல் கிடந்தது. இங்குன் கதவுக்கு வெளியே மிதியடி மேல் சாய்ந்து கிடந்தாள். கதவைத் திறந்தபோது உள்ளே சரிந்தாள். தலையின் பின்பக்கம் இல்லை. கழுவிய படிகளில் இன்னும் ஈரம் காயவில்லை. ரத்தம் அந்த ஈரத்தோடு கலந்து, சோப்பு வாசனையோடு, படி படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

போலீஸிடம் கதவு பூட்டியிருக்கவில்லை என்று சொன்னான். ஸ்டைனார் எதுவும் நினைவில்லை என்றான். தீர்ப்பில் நீதிபதி ஒரு வரி எழுதினார்: 'கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தன் சொந்த வீட்டுக்குள் இறந்தவர் ஏன் நுழையவில்லை என்பது தெளிவாகவில்லை.'

அந்தக் கதவுக்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் நின்றாள், கத்தினாளா, என்ன சொன்னாள் என்று தெரிந்த ஒரே ஆள் ஏழாம் நம்பர் அறையில் இருந்தான். அவனை அனுப்பிவிட்டால் பிறகு கேட்க முடியாது. அதனால்தான் ஹால்வார் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளாகக் கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை காலை ராய்மொன் துணிதுவைக்கும் அறையில் ஹால்வாரைப் பிடித்தான். ராய்மொன் அந்தப் பிரிவின் சமையல்காரன். ஒருவனைக் காரோடு ஏரியில் தள்ளியதற்காகப் பதினாறு வருடம். ஆறரை அடி. இயந்திரத்திலிருந்து ஈரத் துணிகளை எடுத்து உதறிக்கொண்டே பேசினான்.

"புது ஆளோட பேப்பரப் பாத்தோம்."

புதிதாக வருபவன் தன் தீர்ப்பைக் காட்ட வேண்டும். அது அரசாங்கத்தின் விதி இல்லை, அவர்களுடையது. குழந்தைகள்மேல் கை வைத்தவனோடு ஒரே மேசையில் சாப்பிட மாட்டார்கள். மூன்று நாள் தவணை. காட்டாதவன் தானாகவே தனியறை கேட்டுப் போய்விடுவான்.

"அவனே கொண்டாந்து சோபால வச்சான். படிச்சுக்கோங்கன்னான். பொம்பளைய அடிச்சுக் கொன்னவன்னு பாத்தா, அதுல ஒரு பேரு. இங்குன்." ராய்மொன் ஒரு சட்டையை உதறினான். "போன வருஷம் ஜிம்முல கைகழுவுற எடத்துல மோதிரத்த விட்டுட்டுப் போனியே, நாந்தான எடுத்துக் குடுத்தேன். உள்பக்கம் பேரு வெட்டியிருந்துச்சு. புருஷன் சிறைக் காவலர்னு வேற போட்டிருக்கு. நான் ஒண்ணும் பெரிய படிப்பு படிக்கல. ஆனா கூட்டல் தெரியும்."

ஹால்வாரின் கட்டைவிரல் தானாக மோதிரத்தைத் தொட்டது.

"மூணு நாளா அவனுக்குத் துண்டு குடுக்குற, குட்மார்னிங் சொல்ற. என்ன ஜென்மம்டா நீ. எனக்கு வயிறு எரியுது." குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு வியாழன். உருளக்கெழங்குக் கொழுக்கட்ட போடறோம். பெரிய பானை. பன்னெண்டு மணிக்கு நீ எங்கயாச்சும் போய்க் காபி குடி. அவ்ளோதான். ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"ராய்மொன்."

"என்ன?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்டால் எழுத வேண்டும், பெந்தேயிடம் போக வேண்டும், ஸ்டைனாரை அனுப்பிவிடுவார்கள். ஹால்வார் இயந்திரத்தின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வடிகட்டிய சுத்தம் பண்ணு. அடைச்சிருக்கு" என்றான்.

ராய்மொன் சிரித்தான். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

பதினொரு மணிக்கு ஸ்டைனாரோடு பேச வேண்டியிருந்தது. ஒவ்வொரு கைதிக்கும் ஒரு பொறுப்புக் காவலர் உண்டு. வந்த முதல் வாரத்தில் உட்கார்ந்து பேசி, படிவத்தை நிரப்ப வேண்டும். பட்டியலில் அடுத்த பெயர் ஹால்வார். பெந்தே யோசிக்காமல் போட்டுவிட்டாள். சின்ன அறை, இரண்டு நாற்காலி, மேசையில் ஒரு பிளாஸ்டிக் செடி.

"பல் ஏதாவது வலிக்குதா?"

"இல்ல."

"பாக்க வர்றவங்க?"

"அம்மா வந்துட்டிருந்தாங்க. இவ்ளோ தூரம் இனி வர மாட்டாங்க."

"படிப்பு, தொழிற்பட்டறை, எதுல சேர விருப்பம்?"

"தச்சு வேல."

எழுதினான். பேனா நன்றாக எழுதியது. ஸ்டைனாரின் கைகள் மேசைமேல் கிடந்தன. தடித்த, சிவந்த கைகள், வலதுகையில் சுண்டுவிரல் கோணல். ஹால்வார் அந்தக் கைகளைப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றும் என்று மூன்று நாளாகக் காத்துக்கொண்டிருந்தான்.

"படிவத்துல இல்லாதத ஏதாச்சும் கேக்கணும்னா கேளு" என்றான் ஸ்டைனார். "நினைவில்லன்னு கோர்ட்ல சொன்னேன். வக்கீல் அப்படிச் சொல்லச் சொன்னாரு."

செடியின் இலையில் தூசி இருந்தது. ஹால்வாரின் வாய் திறந்தது. கேட்டால் கதவைப் பற்றியும் சொல்வான்.

"தூக்கத்துக்கு மருந்து எடுக்கறியா?" என்றான்.

ஸ்டைனார் பேனாவை வாங்கிக்கொண்டான். "எடுக்கறேன்" என்றான். கையெழுத்துப் போட்டான். எழுந்து கதவருகே நின்றான், ஹால்வார் திறந்துவிடுவதற்காக. திறந்துவிட்டதும், "இன்னிக்கு எனக்கு வெங்காயம் உரிக்கிற வேல. சேத்துக்கிட்டாங்க" என்றான். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னான்.

பதினொன்றே முக்கால். சமையலறைக் கத்திகள் சுவரோடு கம்பியில் கட்டியிருக்கும். ஆனாலும் கத்தி வெளியே இருக்கும் நேரமெல்லாம் கண்ணாடிக் கதவைப் பூட்டி, வெளியே ஒரு காவலர் நிற்க வேண்டும். முன்பு இரண்டு பேர் நின்றார்கள். பிறகு ஒருவரானது. பெந்தே ஒரு கைதியை நர்ஸிடம் கூட்டிக்கொண்டு போகக் கிளம்பினாள்.

"நாலு கொழுக்கட்ட எனக்கு எடுத்து வைக்கச் சொல்லு" என்றாள். "பன்றிக்கறி வச்சது. போன வாரம் அந்த ராய்மொன் எனக்கு வெறும் மாவுருண்டையக் குடுத்து ஏமாத்திட்டான், திருட்டுப்பய."

"பெந்தே."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"மூஞ்சி சரியில்லையே ஒனக்கு. இன்னிக்காவது சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு பேர். நான்கு பேர் மாவை உருட்டினார்கள். பானை கொதித்தது, ஆட்டெலும்பு போட்ட உப்புத் தண்ணீர். ஸ்டைனார் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தான். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனது. ராய்மொன் திரும்பி, ஹால்வார் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்தான். புருவத்தை உயர்த்தினான். ஹால்வார் அசையவில்லை. போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. ராய்மொன் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டான்.

இரண்டு பேர் பின்னாலிருந்து ஸ்டைனாரின் கைகளைப் பிடித்துத் திருப்பினார்கள். ராய்மொன் சின்னப் பாத்திரத்தால் பானையில் மொண்டு, அவசரமில்லாமல் நடந்து வந்து, முகத்தில் வீசினான். ஸ்டைனார் கத்தியது கண்ணாடியைத் தாண்டி வந்தது. இன்னொரு தரம் மொண்டான். இந்தத் தடவை கழுத்திலும் மார்பிலும். பிடித்திருந்தவர்கள்மேலும் தெறித்து, அவர்கள் திட்டிக்கொண்டே கையை விட்டார்கள். கீழே விழுந்தவனை வெட்டுப்பலகையால் அடித்தார்கள். பலகை உடைந்தது. உடைந்த பாதியால் அடித்தார்கள். ஒருவன் அவன் விரல்கள்மேல் ஏறி நின்றான். யாரும் பேசவில்லை. வேலை செய்வதுபோலச் செய்தார்கள். மாவுருண்டைகள் தரையில் உருண்டு ரத்தத்தில் ஒட்டிக்கொண்டன.

ஹால்வாரின் இடுப்பில் அபாய மணி இருந்தது. விரல் அதன்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

ஸ்டைனார் தவழ்ந்து வந்தான். தோல் உரிந்த முகம், ஒரு கண் மூடிவிட்டது. மறுகண்ணால் கண்ணாடி வழியே ஹால்வாரைத் தேடினான். எழுந்து நிற்க முடியவில்லை. முட்டி போட்டபடி, உடைந்த விரல்களை மடக்கி, கதவைத் தட்டினான்.

மூன்று முறை.

பலமாகத் தட்டவில்லை. பின்னால் ராய்மொன் வாணலியோடு வந்துகொண்டிருந்தான். ஹால்வார் தன் கையில் சாவி இருப்பதைப் பார்த்தான். பதினொரு விநாடி நின்றான் என்று பிறகு கேமராவில் பார்த்துச் சொன்னார்கள். அவனுக்கு அது பதினான்கு மாதமாக நின்றுகொண்டிருந்த இடம்.

மணியை அழுத்தினான். சாவியைத் திருகினான். சட்டைக் காலரைப் பிடித்து ஸ்டைனாரை வெளியே இழுத்தான். துணியோடு தோலும் கையில் வந்தது. காலால் கதவை அடைத்துப் பூட்டினான். வாணலி கண்ணாடியில் மோதியது.

"ஒனக்காகத்தானடா செஞ்சோம்!" உள்ளேயிருந்து ராய்மொன் கத்தினான். அவன் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "சாவிக்காரா! ஒனக்காகத்தாண்டா!"

தீக்காயத்துக்கு இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். வருடம் ஒருமுறை அதற்குப் பயிற்சி உண்டு. தாழ்வாரத்தின் எதிர்ப்பக்கம் குளியலறை. ஹால்வார் அவனை அதற்குள் இழுத்துப் போய், சுவரோடு சாய்த்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, தானும் சீருடையோடு உள்ளே உட்கார்ந்து தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். வெளியே ஆட்கள் ஓடிவரும் சத்தம், பெந்தேயின் குரல். "ஆம்புலன்ஸ் வருது!" என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டு, சமையலறைப் பக்கம் ஓடினாள்.

தண்ணீர் சிவப்பாகப் போனது, பிறகு வெளுத்தது. ஸ்டைனாரின் பற்கள் தாளம் போட்டன. உதடு வீங்கி, பேச்சு குழறியது.

"திறந்துட்ட" என்றான்.

"பேசாத. மூச்ச விடு."

"கேமராவுல இருக்கும். ஏன் லேட்டுன்னு கேப்பாங்க. என்னைய வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க." இருமினான். "இப்பக் கேக்கலன்னா எப்பக் கேப்ப?"

ஹால்வார் கையை நீட்டித் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தான். குளியலறையில் சத்தம் அடங்கியது. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"கத்தினாளா?"

"இல்ல. பலகைய மாட்டிட்டு இருந்தா. நான் கதவத் தெறந்தேன். கையில கோல் இருந்துச்சு. அவ ஓடல. திரும்பி, மெதுவா எறங்கினா. நான் பின்னாலயே போனேன். கைப்பிடிய அழுத்திப் பாத்தா. தெறக்கல."

"தெரியும்."

"யார்ட்டயும் சொல்லல நான்."

"தெரியும்."

"தட்டினா. விருந்தாளி தட்டுற மாதிரி. என்னப் பயமுறுத்தக் கூடாதுன்னு நெனச்சாளோ என்னவோ. என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. கதவப் பாத்துக்கிட்டுதான் பேசினா. சாதாரணமாத்தான் சொன்னா, கடைக்குப் போய்ட்டு வந்த மாதிரி."

ஹால்வார் தண்ணீரை முழுவதுமாக நிறுத்தினான். குழாயிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது. ஸ்டைனாரின் ஈரத் தலை அவன் உள்ளங்கையில் கனத்தது.

"என்ன சொன்னா?"

"ஹால்வார், நாந்தான்."